பார்த்து வரைந்த படத்தில் யார் கையெழுத்து?

இந்த முறை ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் ஒரு வாசகி நீளமாகவே எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பா நாடகத் திரைச்சீலைகளும் காலண்டர் சாமி படங்களும் வரைந்தவர். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்கா வந்த பிறகு, அப்பாவிடம் கற்ற கையை விடாமல், பூஜையறைக்கு ஏற்ற லட்சுமி, சரஸ்வதி, முருகன் படங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறார். பெரும்பாலும் ரவி வர்மா படங்களைப் பார்த்து வரைந்தவை. இரண்டு வருடம் முன்பு ஒரு டீலர் அறிமுகமாகியிருக்கிறார். தென்னாப்பிரிக்க ஓவியர் இர்மா ஸ்டெர்ன் வரைந்த படங்களின் புகைப்படங்களைக் கொடுத்து, "அச்சு அசலாக வேண்டும்" என்று கேட்டாராம். இவரும் மூன்று படங்கள் வரைந்து கொடுத்தார். புகைப்படத்தில் இருந்த கையெழுத்தையும் வருடத்தையும் அப்படியே வரைந்துவிட்டார். படத்துக்கு 6,000 ரேண்ட்.

இப்போது அதே டீலர் பத்துப் படங்கள் கேட்கிறார். இர்மா ஸ்டெர்ன், பியர்னீஃப், டிரெட்சிகாஃப் என்று இந்நாட்டின் பிரபல ஓவியர்களின் பட்டியலே கொடுத்திருக்கிறார். கான்வாஸின் பின்பக்கத்தில் டீத் தண்ணீர் தடவிப் பழசாக்க வேண்டும், பின்னால் எதுவும் எழுதக் கூடாது, தச்சு வேலை தெரிந்த கணவர் பழைய கதவு மரத்தில், கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஜான்சிபார் பாணியில் படச்சட்டம் செய்து தர வேண்டும் என்றெல்லாம் சொல்கிறாராம். இதற்கிடையில் வேலை விஷயமாக ஜோகன்னஸ்பர்க் போன மகன், ஒரு கடையில் அம்மா வரைந்த படத்தைப் பார்த்திருக்கிறான். பக்கத்தில் "இர்மா ஸ்டெர்ன், 1945" என்று அட்டை. மகன் செல்போனில் படமெடுத்துக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. கணவரின் தம்பியோ, "அடுத்தவன் படத்தை வரைவதே திருட்டு, அண்ணி" என்கிறார். டீலர், "ஓவியர் செத்துப்போனால் உரிமையும் போச்சு, அளவை 20 சதவீதம் மாற்றினால் அது உங்கள் படம்" என்கிறார். யார் சொல்வது சரி, நான் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா, இத்தனை வருடம் நான் செய்ததற்கு மதிப்பே இல்லையா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஜெயில் பயத்தை முதலில் பார்ப்போம். இதுவரை நடந்தது நீங்கள் எழுதியபடிதான் என்றால், உங்கள் நிலைமை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. ஆனால் இனி நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறிவிடும். அதனால் இரண்டு விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த டீலருக்கு இனி ஒரு படம்கூடக் கொடுக்காதீர்கள். அவர் அனுப்பிய வாட்ஸப் செய்திகளில் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள். பயத்தில் பலர் முதலில் செய்வது செய்திகளை அழிப்பதுதான். உங்களைக் காப்பாற்றப்போவதே அந்தச் செய்திகள். மற்ற விவரங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கொழுந்தனார் சொல்வதற்கு வருகிறேன். எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு.

பார்த்து வரைவது திருட்டு இல்லை

ஒரு பெரிய ஓவியத்தைப் பார்த்து வரைவது ஓவியர்கள் தொழில் கற்ற வழி. ரூபன்ஸ் ஏற்கெனவே பெயர் பெற்ற ஓவியராக இருந்தபோதும் மாட்ரிட்டில் உட்கார்ந்து டிஷியனின் ஆதாம் ஏவாள் படத்தைப் பார்த்து வரைந்தார். இன்று பிராடோ அருங்காட்சியகத்தில் இரண்டு படங்களும் இருக்கின்றன. வான்கோ மனநல விடுதியில் இருந்த 1889, 1890 காலத்தில் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து இருபதுக்கு மேல் வரைந்தார். மில்லேயின் கருப்பு வெள்ளை அச்சுப் படங்களைப் பார்த்து வண்ணத்தில் வரைந்தார். ஒருவர் எழுதிய இசையை இன்னொருவர் தன் மனோதர்மப்படி வாசிப்பதைப் போலத்தான் இது என்று தம்பிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தியாகராஜர் கீர்த்தனையைப் பாடுகிறவரை யாரும் திருடர் என்பதில்லை. அவரும் அதைத் தன் சாகித்யம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

நகல்களுக்கு இன்னொரு பெரிய பயனும் உண்டு. அஜந்தாவை நினைத்துப் பாருங்கள். மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்த ராபர்ட் கில் என்ற அதிகாரி 1844-இல் அங்கே அனுப்பப்பட்டார். வருடக்கணக்காகக் குகைச் சுவர் ஓவியங்களைப் பார்த்து வரைந்தார். அவருடைய படங்களில் பெரும்பாலானவை 1866-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீ விபத்தில் எரிந்துபோயின. பிறகு ஜான் கிரிஃபித்ஸ் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களோடு 1872 முதல் மறுபடியும் வரைந்தார். அவற்றிலும் நிறைய 1885-இல் லண்டனில் தீக்கிரையாயின. அதோடு விடவில்லை. 1909-இலிருந்து ஆங்கிலேய ஓவியர் லேடி ஹெரிங்ஹாமின் குழு போனது, அதில் இளைஞராக நந்தலால் போஸும் இருந்தார். இப்படி விடாப்பிடியாக வரைந்ததால்தான், சுவரிலிருந்து பிற்பாடு உதிர்ந்துபோன பகுதிகள் எப்படி இருந்தன என்று இன்று எரியாமல் மிஞ்சிய நகல்களை வைத்துச் சொல்ல முடிகிறது. அந்த வேலையைச் செய்தவர்களைத் திருடர்கள் என்று சொன்னால் என் மனசு ஆறாது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. இது யாருடைய படம், வரைந்த கை யாருடையது என்பதை யாரும் மறைக்கவில்லை.

யாருடைய படங்களை வரைந்து விற்கலாம்?

டீலர் சொன்னது பாதி உண்மை. பாதி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் இறந்த வருடம் முடிந்த பிறகும் 50 வருடங்கள் அவருடைய ஓவியத்துக்கு உரிமை இருக்கும். ஆக, இறந்தவுடன் எல்லாம் போய்விடுவதில்லை. உங்கள் பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

ரவி வர்மா 1906-இல் காலமானார். அவர் படங்களைத் தாராளமாக வரையலாம், விற்கலாம். தன் படங்கள் எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும் என்று 1894-இல் பம்பாயில் அச்சகமே தொடங்கியவர் அவர். பியர்னீஃப் 1957-இல் இறந்தார், 2007 முடிவோடு உரிமை முடிந்தது. இர்மா ஸ்டெர்ன் 1966-இல் இறந்தார், 2016 முடிவோடு முடிந்தது. ஆகவே அவருடைய ஓவியத்தைப் பார்த்து நீங்கள் வரைந்ததில் பதிப்புரிமைக் குற்றம் எதுவும் இல்லை. இதில் நிம்மதியாக இருங்கள்.

டிரெட்சிகாஃப் விஷயம் வேறு. அவர் இறந்தது 2006-இல்தான். 2056 முடியும் வரை உரிமை அவர் வாரிசுகளிடம். உங்கள் மாமியார் வீட்டு ஹாலில் தொங்குகிற "சீனப் பெண்" அச்சுப் படத்தைப் பார்த்து வரையத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீலமும் பச்சையும் கலந்த அந்த முகத்தை அப்பா சொல்லித்தந்தபடி அடிவண்ணத்திலிருந்து எழுப்பி வருவதையும், உடையின் கீழ்ப்பகுதியை டிரெட்சிகாஃப் வெறும் கோடுகளாகவே விட்டிருப்பதைப் பார்த்து முதலில் படம் முடியவில்லை என்று நினைத்ததையும் சொல்லியிருந்தீர்கள். படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்தப் படத்தைத் தாராளமாக முடியுங்கள். சொந்தமாகக் கற்கவும், வீட்டில் மாட்டிக்கொள்ளவும் வரைவதற்குச் சட்டம் நியாயமான இடம் கொடுக்கிறது. விற்பதற்குத்தான் அனுமதி வேண்டும். உரிமை இருக்கிறது என்று தெரிந்தே விற்றால் அது சிவில் வழக்கோடு நிற்காது. முதல் முறைக்கே ஒவ்வொரு பிரதிக்கும் 5,000 ரேண்ட் வரை அபராதமோ 3 வருடம் வரை சிறையோ, இரண்டுமோ என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டில் அச்சுப் படம் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது என்று சிலர் வாதாடுவார்கள். அச்சுப் படத்தை வாங்கியவருக்கு அந்தத் தாள் சொந்தம், நகல் எடுக்கும் உரிமை சொந்தமில்லை. பல லட்சம் ரேண்ட் கொடுத்து அசல் ஓவியத்தையே வாங்கியவருக்கும் இதே கதிதான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. "சாமி படம் எல்லாருக்கும் பொது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முருகன் எல்லாருக்கும் பொது. ஒரு குறிப்பிட்ட ஓவியர் வரைந்த முருகன் படம் அப்படியில்லை. உங்கள் ஊரிலேயே வாழ்ந்து, சிவகாசிக் காலண்டர்கள் வழியாக நம் பூஜையறைகளுக்குள் வந்த கொண்டையராஜு 1976-இல் காலமானார். இங்கே உள்ள கணக்குப்படி 2026 முடியும் வரை அவர் படங்களுக்கு உரிமை இருக்கிறது. இந்தியாவில் 60 வருடக் கணக்கு, அங்கே இன்னும் பத்து வருடம் கூடுதல். காலண்டரைப் பார்த்து முருகனை வரைந்து விற்பதாக இருந்தால், எந்தக் காலண்டர், யார் வரைந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அல்லது நீங்களே ஒரு முருகனை வரையுங்கள். அப்பாவிடம் கற்ற கைக்கு அது முடியாதா என்ன?

அந்த 20 சதவீதக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பாரிஸ் லூவ்ரு அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து நகல் வரையலாம். அங்கே ஒரு விதி: நகல் அசலைவிட ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். ஓவியரின் கையெழுத்தையும் வரையக் கூடாது. நகல் ஒருநாள் அசல் என்று விலைபோய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உரிமை உள்ள படத்தை அளவு மாற்றி வரைந்தால் குற்றமில்லை என்று அங்கும் சட்டமில்லை, இங்கும் இல்லை. உங்கள் டீலர் அந்த விதியில் தனக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு, கையெழுத்து பற்றிய மீதியை விட்டுவிட்டார்.

பொய் எங்கே தொடங்குகிறது

சரி, இர்மா ஸ்டெர்ன் படங்களுக்கு உரிமை முடிந்துவிட்டதே, அப்புறம் எதற்குப் பயம்? உரிமை வேறு, மோசடி வேறு. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் மோசடி என்பது, ஏமாற்றும் எண்ணத்தோடு பொய்யாக ஒன்றைக் காட்டி, அதனால் இன்னொருவருக்கு நஷ்டம் வருவது, அல்லது வரக்கூடிய நிலையை உண்டாக்குவது. இன்னும் யாரும் வாங்கவில்லை என்பதால் ஜோகன்னஸ்பர்க் கடையில் உள்ள அந்த அட்டை குற்றமற்றதாகிவிடாது. தெரிந்தே அதை அங்கே வைத்தவர் சிக்குவார். "இருந்தபடியே விற்கிறோம்" என்று ரசீதில் ஒரு வரி போட்டுவிட்டால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தெரிந்து பொய் சொன்னவரை அந்த வரி காப்பாற்றாது.

இதில் உங்கள் பங்கு என்ன என்பதுதான் கேள்வி. முதல் மூன்று படங்களில் நீங்கள் கையெழுத்தையும் சேர்த்து வரைந்தீர்கள். புகைப்படத்தில் இருந்ததை ஒன்று விடாமல் வரைந்ததாகச் சொல்கிறீர்கள். நான் நம்புகிறேன். ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் மோசடி இல்லை. ஆனால் நம் நீதிமன்றங்கள் "எண்ணம்" என்பதை இன்னும் விரிவாகப் பார்க்கின்றன. இப்படி நடக்கலாம் என்று மனதுக்குத் தெரிந்தும், நடந்தால் நடக்கட்டும் என்று தொடர்ந்தால் அதுவும் எண்ணம்தான். இரண்டு வருடம் முன்பு உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று நிரூபிப்பது கஷ்டம். மகன் செல்போனில் அந்தப் படத்தைக் காட்டிய நாளுக்குப் பிறகு, "எனக்குத் தெரியாது" என்று உங்களால் சொல்ல முடியாது. பதிமூன்றாவது வரை போக வேண்டாம், நான்காவது படம் கொடுத்தாலே உங்கள் நிலைமை தலைகீழாகிவிடும்.

டீலர் கேட்டவற்றைப் பாருங்கள். அலங்காரத்துக்காக நகல் வாங்குகிறவருக்கு டீக்கறை எதற்கு? கான்வாஸின் பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? ஜான்சிபார் சட்டம் என்பது இன்னும் வெளிப்படையானது. இர்மா ஸ்டெர்ன் 1939-இலும் 1945-இலும் ஜான்சிபார் போய் வரைந்த படங்கள் சிலவற்றுக்கு அங்கே கிடைத்த செதுக்கு வேலை மரத்தில் சட்டம் போட்டார். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததும் அசல் என்று நம்பத் தொடங்குவார்கள். உங்கள் கணவரிடம் கேட்கப்பட்டிருப்பது தச்சு வேலை இல்லை, பொய்ச் சாட்சி. அவரையும் இதில் இழுத்துவிடாதீர்கள்.

இவ்வளவு மெனக்கெட ஏன் ஆள் இருக்கிறார்கள் என்றால், பணம் அப்படி. இர்மா ஸ்டெர்னின் "அரபு மதகுரு" 2011-இல் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. இன்னொரு அரபு மனிதர் படம் லண்டனில் ஒரு வீட்டுச் சமையலறையில் அறிவிப்புப் பலகையாகத் தாள்களும் குறிப்புகளும் குத்தப்பட்டுக் கிடந்தது. மண்டேலா உள்ளிட்டவர்களின் ராஜதுரோக வழக்குச் செலவுக்காக ஒரு காலத்தில் விற்கப்பட்ட படம் அது. 2015-இல் 8,42,500 பவுண்டுக்கு விற்றது. இப்படி நிஜமாகவே நடந்திருப்பதால், "பாட்டி வீட்டுப் பரணில் கிடந்தது" என்ற பொய்யையும் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். ஜெர்மனியில் பெல்ட்ராக்கி தம்பதி அதைத்தான் செய்தார்கள். மனைவி தன் பாட்டியைப் போல வேஷம் போட்டு, பின்னால் சுவரில் போலி ஓவியங்கள் தொங்க, பழைய காலத்துப் புகைப்படம் போல ஒன்றை எடுத்து ஆதாரமாகக் காட்டினார்கள். 1914-இல் வரைந்ததாகச் சொன்ன ஒரு படத்தில் அந்தக் காலத்தில் புழக்கத்தில் இல்லாத டைட்டானியம் வெள்ளை இருந்தது. அதில் பிடிபட்டார்கள். 2011-இல் கணவருக்கு 6 வருடம், மனைவிக்கு 4 வருடம்.

நம்மூரிலும் இந்தக் கதை உண்டு, அது இன்னும் வலிக்கும். கும்பகோணம் பக்கத்தில் சிவபுரத்தில் 1951-இல் மண்ணுக்குள் இருந்து ஒரு சோழர் காலத்து நடராஜர் கிடைத்தார். 1954-இல் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தது புதிதாக வார்த்த இன்னொரு நடராஜர். ஊர்ஜனம் அது தெரியாமல் கும்பிட்டுக்கொண்டிருக்க, அசல் கைமாறிக் கைமாறி 1973-இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற கலைச் சேகரிப்பாளரிடம் 9 லட்சம் டாலருக்குப் போனது. வழக்காகி, ஒப்பந்தமாகி, 1986-இல்தான் இந்தியாவுக்குத் திரும்பியது. சுவாமிமலையில் இன்றும் அதே முறையில் நடராஜர் வார்க்கிறார்கள். சோழர் காலத்து வடிவம்தான். உலகம் முழுக்கப் போகிறது. அதை யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் சுவாமிமலையில் இப்போது வார்த்தது என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

இனி வரைகிற படங்களுக்கு

நகல் வரைவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இப்படிச் செய்யுங்கள்.

முன்பக்கத்தில் உங்கள் கையெழுத்து மட்டும் இருக்கட்டும். பின்பக்கத்தில் கான்வாஸ் துணியின் மேலேயே, அழியாத வண்ணத்தில், "இர்மா ஸ்டெர்ன் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது" என்று எழுதி உங்கள் பெயர், ஊர், வருடம் போடுங்கள். இங்கே வாங்குகிறவர்களுக்குப் புரிய ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மரச்சட்டத்தில் எழுதினால் போதாது, சட்டத்தைக் கழற்றி வேறு மாட்டிவிடுவார்கள். அளவையும் கொஞ்சம் மாற்றுங்கள், லூவ்ரு காரணத்துக்காக.

ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து வையுங்கள். ரசீது நீங்களே எழுதுங்கள், அதில் "நகல்" என்று இருக்கட்டும். கையெழுத்து வேண்டும், பின்னால் எழுதக் கூடாது என்று கேட்கிற வாடிக்கையாளரிடம் வேலை எடுக்காதீர்கள். அவர் எதற்குக் கேட்கிறார் என்று ஆராய வேண்டியதே இல்லை.

டிரெட்சிகாஃப் போன்ற உரிமை உள்ள ஓவியர்களை வரைந்து விற்க ஆசையிருந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் டால்ரோ என்ற அமைப்பு ஓவிய உரிமைகளையும் கவனிக்கிறது. எந்த ஓவியருக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று அங்கே விசாரிக்கலாம்.

மதிப்பு பற்றிக் கேட்டீர்கள். டீலர் கொடுத்த 6,000 ரேண்ட் உங்கள் உழைப்புக்கா, உங்கள் மௌனத்துக்கா என்று இப்போது உங்களுக்கே தெரியும். அந்தப் படங்களில் உங்கள் பெயர் எங்கேயும் இல்லை. நாளைக்கு யாராவது "இதை வரைந்த கை யாருடையது" என்று வியந்தாலும் உங்களைத் தேடி வர வழியில்லை. ரவி வர்மாவின் சரஸ்வதியை ஒரு கோயிலுக்கு வரைந்து கொடுத்ததாகவும், சாமி படத்தில் உங்கள் பெயர் போட மனசு வராமல் விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது வணக்கத்தால் விட்டது, புரிகிறது. ஆனாலும் அடுத்த முறை பின்பக்கத்திலாவது எழுதுங்கள். கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் காலண்டர் சாமிகளின் காலடியில் ஓரமாகத் தங்கள் பெயரைப் போட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு அவர்கள் யாரென்று நமக்குத் தெரிகிறது. புகைப்படம் மாதிரி இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இன்றைக்கு மலிவாக அச்சிட்டே கொடுத்துவிடலாம். கையால் வரைந்ததைக் கேட்டு உங்களிடம் வருகிறவர்கள், தூரிகை பட்ட தடத்துக்காகத்தான் வருகிறார்கள். அவர்களிடம் விலையைத் தைரியமாகக் கூட்டிச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கொடுத்த மூன்று படங்கள்

இதுதான் கஷ்டமான பகுதி, ஒதுங்கிப் போனால் சரியாகாது. மகன் எடுத்த படம், டீலரின் செய்திகள், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், உங்களிடம் இருக்கிற பழைய கோட்டுப் படங்கள், வரையும்போது எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். அவற்றோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் லீகல் எய்ட் அலுவலகத்திலும், குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையத்திலும் கேட்கலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் வருமானச் சான்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

அந்த வழக்கறிஞர் மூலம் டீலருக்கும் ஜோகன்னஸ்பர்க் கடைக்கும் தனித்தனியாகக் கடிதம் போக வேண்டும். அந்தப் படத்தை வரைந்தது நீங்கள், அது நகல், அசல் என்று விற்கக் கூடாது என்று அதில் இருந்தால் போதும். யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம். கடைக்காரரே ஏமாந்தவராக இருக்கலாம். அப்படியானால் உங்கள் கடிதம் அவருக்கும் உபகாரம். கடைக்கு நீங்களோ மகனோ நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள், படத்தைத் திரும்ப எடுக்கவும் முயலாதீர்கள். விற்ற படம் உங்களுடையது இல்லை. மற்ற இரண்டு படங்கள் எங்கே போயின என்று டீலரிடம் அந்தக் கடிதத்திலேயே கேட்கலாம். ஏற்கெனவே யாராவது அசல் என்று நம்பி வாங்கியிருந்தால், விற்றவர்மீது வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டு. பொதுவாக, ஏமாந்தது தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம்.

கடிதம் போனால் டீலர் கோபப்படுவார். "கையெழுத்துப் போட்டது நீதானே, மாட்டினால் நீதான் மாட்டுவாய்" என்று மிரட்டவும் செய்யலாம். அப்படிச் சொன்னால் பதிலுக்குப் பேசாதீர்கள். செய்தியாக வந்திருந்தால் அப்படியே வழக்கறிஞருக்கு அனுப்புங்கள், போனில் சொல்லியிருந்தால் தேதியும் நேரமும் சொன்ன வார்த்தையும் உடனே எழுதி வையுங்கள். போலீஸ் உங்களை விசாரிக்க அழைத்தால் வழக்கறிஞர் இல்லாமல் வாக்குமூலம் கொடுக்க வேண்டியதில்லை, அது உங்கள் அரசியல் சாசன உரிமை. நீங்களாகப் போய்ப் புகார் கொடுப்பதா என்பதை, அந்த இரண்டு கடிதங்களுக்கும் என்ன பதில் வருகிறது என்று பார்த்து அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

டீலர் முன்பணம் எதுவும் கொடுத்திருப்பதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் முதல் வேலையாக வங்கி மூலம் திருப்பி அனுப்பிவிடுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.